குன்வோர் பாடிய படிக்கட்டு

குன்வோர் தன் இளவயதில், என்னைக் காண்பதற்கு முன்பே, சுவீடனின் கிழக்குக் கரையில் இருக்கும் ஹாம்ரவிக் என்ற எங்கள் ஊரின் மரப்படிக்கட்டைப் பற்றி ஒரு பாட்டு எழுதினாள், கிட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு தலைநகரத்துக்குப் போய் அதைப் பாடினாள், வானொலியில் அது வந்தது, சனங்கள் அதை முணுமுணுக்கத் தொடங்கினார்கள், தொடங்கிய அன்றைக்கே படிக்கட்டு ஊரை விட்டுப் போய்விட்டது. பலகை போனது, ஆணி போனது, இரண்டு பக்கத்துக் கைப்பிடிகள் போயின, ஏறுகிறவர்கள் இருந்து மூச்சு வாங்குவதற்காக நடுவில் போட்டிருந்த வாங்குப் பலகையும் போனது. துறைமுகத்துப் பக்கத்தில் குடியிருந்தவர்கள் காலையில் எழுந்து பார்த்தால் பாறை மொட்டையாக நின்றது. ரொட்டி சுட்டு விற்கிற பாண் கடை, டாக்டர், பள்ளிக்கூடம், பஸ் தரிப்பிடம் எல்லாம் பாறைக்கு மேலே. சனங்களின் வீடுகள் எல்லாம் கீழே. ஒரு கட்டி வெண்ணெய் வாங்குவதென்றாலும் மரஆலையைத் தாண்டி, கல்லறைகள் இருக்கும் சேமக்காலையைத் தாண்டி, மலையை ஒரு சுற்றுச் சுற்றித்தான் போக வேண்டும் என்றாயிற்று.

எங்கள் ஊரில் இப்படி நடந்திருந்தால் ஒப்பாரியும் வழக்கும் வெட்டுக்குத்துமாக இருந்திருக்கும். இவர்கள் தடித்த அடி வைத்த சப்பாத்து வாங்கிக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

என் பெயர் தில்லையம்பலம், சொந்த இடம் யாழ்ப்பாணத்துக் கரவெட்டி, குன்வோருக்குத் தாலி கட்டிய புண்ணியவான் நான்தான். இந்தப் பெயரை இவர்களால் சொல்ல முடியாது என்பதால் தில் என்று வெட்டிவிட்டார்கள். அது இவர்கள் அவித்த உருளைக்கிழங்கின் மேல் தூவுகிற ஒரு கீரையின் பெயர். சுவீடிஷ் பாஷையில் மரியாதைக்கு ஒரு நீங்கள் கிடையாது, தபாலதிபரும் தவழுகிற பிள்ளையும் ஒருவரையொருவர் நீ என்றுதான் அழைப்பார்கள், ஆனபடியால் ஊர் முழுவதற்கும் நான் 'நீ, தில்'. அவர்கள் பேசுவது எனக்கு இப்போதெல்லாம் யாழ்ப்பாணத் தமிழாகவேதான் காதில் விழுகிறது, அப்படியேதான் இங்கே சொல்லப்போகிறேன்.

நான் அகதியாக இந்த ஊருக்கு வந்து இறங்கிய நாளில் படிக்கட்டு போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் பஸ்காரர் பழக்க தோஷத்தில், "படியாலை இறங்கிப் போ, கிட்டத்தான்" என்றார். பையோடு நடந்து பாறை விளிம்புக்குப் போனேன். படியையும் காணவில்லை, கொடியையும் காணவில்லை. அங்கே கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். அவளும் தலைநகரத்திலிருந்து தாயைப் பார்க்க வந்து, அவளும் பழக்க தோஷத்தில், தானே பாடித் துரத்திவிட்ட படிக்கட்டைத் தேடி வந்திருந்தாள். "மன்னிக்கவேணும், இது என்னாலை வந்த வினை" என்றாள். இரண்டு பேரும் மலையைச் சுற்றிச் சேர்ந்து நடந்தோம், சேமக்காலையடியில் என் பெயரைக் கேட்டாள், மரஆலையடியில் அதைப் பிழையாகச் சொன்னாள், துறைமுகம் வரும்போது நான் திருத்துவதை நிறுத்திவிட்டேன். எங்கள் கலியாணத்துக்குக் காரணம் அந்தச் சனியன் பிடித்த படிக்கட்டு இல்லாமல் போனதுதான் என்று என் அக்கா பரமேஸ் ரொறொன்ரோவிலிருந்து இன்றைக்கும் சொல்லுவாள். அக்காதான் தொலைபேசியில் குன்வோருக்குத் தமிழ் படிப்பித்தவள். அதனால் என் மனைவி என்னை எங்கள் ஊர் மனைவிமாரைப்போல 'இஞ்சாருங்கோ' என்றுதான் கூப்பிடுவாள், அவளைக் குணவதி என்றுதான் அக்கா கூப்பிடுவாள்.

படிக்கட்டோடு விட்டாளா? இல்லை. விருப்பமானதைத்தான் பாடுவாள், அவள் பாடியது சனங்களுக்குப் பிடித்துப்போகும், பிடித்துப்போனால் பாடப்பட்ட பொருள் ஊரில் நிற்காது. துறைமுகத்து மணிக்கூட்டைப் பாடினாள், ஜெர்மன்காரர்கள் அந்தப் பாட்டைத் தங்கள் பாஷையில் பாடத் தொடங்க, ஊர் முழுக்க நேரம் தெரியாமல் தடுமாறியது. பாண் கடை வாசலில் நின்ற ஆப்பிள் மரத்தைப் பாடினாள், பாண் கடைக்கார மாய்பிரிட் அந்த வருஷம் கடையில் வாங்கின ஆப்பிளில் கேக் செய்தாள். பாதிரியாருடைய நாயைப் பாடினாள், அது கோடைகாலப் பாட்டு, நாயும் ஒரு கோடை முழுவதும் போய், மழை தொடங்கிப் பாட்டு ஓய்ந்ததும் நன்றாகக் கொழுத்துத் திரும்பி வந்தது. அப்போதுதான் இதன் முறை ஊருக்குப் பிடிபட்டது. எழுதினவளுடைய வாய் கணக்கில் இல்லை, மற்றவர்களில் கடைசி வாய் மறந்தால் பொருள் திரும்பி வரும். யாராவது ஒருத்தர், உலகத்தின் எந்த மூலையிலாவது, பாத்திரம் கழுவிக்கொண்டு முனகினாலும் வராது. எப்படி, ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. குளிர்காலத்தில் இங்கே வெயிலே வருவதில்லை, அதையும் இவர்கள் ஏன் என்று கேட்பதில்லை.

அவள் பாடப் பாட அவளுக்குப் பேர், ஊருக்குக் கஷ்டம். பெரிய மேடைகளில் பாடினாள், பத்திரிகையில் படம் வந்தது, ஜப்பானிலிருந்து பிள்ளைகள் வந்து எங்கள் வேலியைப் படம் எடுத்தார்கள், அந்த நேரமெல்லாம் நான் மேலே பள்ளிக்கூடக் குசினியில் மீன் உருண்டை பொரித்தேன், பின்னேரம் மலையைச் சுற்றி நடந்து வீட்டுக்கு வந்தேன். அவள் முகத்துக்கு நேரே ஒரு குறை சொல்ல இந்த ஊரில் ஒரு ஆணுக்கும் பெண்ணுக்கும் துணிவில்லை. எல்லாம் என்னிடம்தான் வரும். நீராவிக் குளியலறையில் கோவணமும் இல்லாமல் வியர்த்துக்கொண்டு இருக்கும்போது, "தில், மணிக்கூடு இல்லாதது கொஞ்சம் கரைச்சல்தான், ஆனால் குறையாய் நினையாதை" என்பார்கள். பொதுச் சலவை அறையில் என் ஈர உடுப்புக் கூடைக்குப் பக்கத்தில் நின்று, "உன்ர மனிசி நல்லாய்த்தான் பாடுறா, எண்டாலும் அந்த ஆப்பிள் மரம்..." என்று இழுப்பார்கள். குன்வோர் அடுத்த இயந்திரத்தில் படுக்கை விரிப்புப் போட்டுக்கொண்டு நிற்பாள். அவளைப் பார்த்துத் தலையசைத்துச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்த ஊருக்கு மூட வாயே இல்லை, அதுதான் எனக்குப் பெரிய ஆத்திரம்.

இந்த லட்சணத்தில் ஒரு குழுவும் அமைத்தார்கள். ஒரு பிரச்சினை வந்தால் குழு அமைக்காவிட்டால் இவர்களுக்குக் கோப்பி செமிக்காது. மறதிக் குழு என்று பெயர். தலைவர் பெர்டில், ஓய்வுபெற்ற தபாலதிபர், உயரமான மனிதர், தலையைக் குனிந்தே பேசுவார். வியாழக்கிழமை தோறும் வாசிகசாலையில் கூடி, கறுவாப் பணிஸ் தின்று, குன்வோரின் பாட்டுகளை ஊர்க்காரராவது மறப்பதற்கு வழி தேடுவது குழுவின் வேலை. கூட்டம் தொடங்கும்போது, எதை மறக்க வேண்டும் என்பதில் ஒருவருக்கும் குழப்பம் வரக்கூடாது என்று, பாட்டை முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை போட்டுக் கேட்பார்கள். பிறகு அதை எப்படி மறப்பது என்று ஆளுக்கொரு கருத்துச் சொல்லுவார்கள், எந்த வரி கூடுதலாக மனதில் நிற்கிறது என்று வாக்கெடுப்பார்கள், அந்த வரியை எழுதி எல்லோருக்கும் அனுப்புவார்கள். மணிக்கூட்டுப் பாட்டை ஜெர்மனியே மறந்த பிறகும் ஹாம்ரவிக்கில் அது ஓயவில்லை.

"பெர்டில், நீங்கள் கூடுறதாலைதான் அது வருகுதில்லை" என்று நான் தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன்.

"அப்பிடியும் இருக்கலாம்" என்றார் பெர்டில். "அதை அடுத்த கூட்டத்திலை எடுப்பம்."

ஜூலை மாதம் நாடு முழுக்க விடுமுறை, குழுவும் தீவுகளுக்குப் போய்விட்டது, உடனே மணிக்கூடு வந்து நின்றது. ஓகஸ்டில் திரும்பி வந்து, மணிக்கூடு வந்ததைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் கூட்டினார்கள், பாட்டைப் போட்டார்கள், மணிக்கூடு போய்விட்டது.

பிறகு என் மூலம் ஒரு கோரிக்கை வைத்தார்கள், ஊருக்கு வேண்டாத பொருள்களைக் குன்வோர் பாடினால் நல்லது என்று. அவளும் மறுக்கவில்லை, பாவம், நல்ல மனசு. இரத்தம் குடிக்கிற நுளம்பைப் பற்றி ஓர் இசைத்தட்டு முழுக்கப் பாடினாள், வரி அலுவலகத்தைப் பற்றி ஒன்று, பெர்டிலுடைய மச்சானைப் பற்றி ஒன்று. ஒருவரும் அதைக் காது கொடுத்துக் கேட்கவில்லை. அந்த வருஷம் நுளம்பு இரட்டிப்பாக வந்தது, மச்சானும் தை மாதம் வரைக்கும் பெர்டில் வீட்டில் தங்கினான்.

"விருப்பமில்லாததைப் பாடினா ஆர் பாடுவினம்?" என்றாள் குன்வோர், கிட்டாரைச் சுவரில் மாட்டிக்கொண்டே. அதுதான் சரிவின் தொடக்கம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. இசைத்தட்டுக் கம்பெனி அவளை விட்டுவிட்டது. மேடைகள் சிறுத்தன, முதியோர் இல்லம், நூலகம், யாருடையதோ அறுபதாவது பிறந்தநாள் என்று வந்து, பிறகு அதுவும் நின்றது. குரலும் கீழே இறங்கிவிட்டது. உலகம் வேறு பிள்ளைகளின் பாட்டுக்குப் போய்விட்டது. உலகத்தைச் சொல்லிக் குற்றமில்லை, அதற்கும் வேலை இருக்கும்.

குழுவும் பாட்டைப் போட்டுக் கேட்பதை விட்டுவிட்டது, பொருள்கள் ஒவ்வொன்றாக ஊருக்குத் திரும்பத் தொடங்கின. மணிக்கூடு வந்தது, மீன்சந்தைக் கொட்டில் வந்தது, ஆப்பிள் மரம் பூவோடு வந்து நின்றது. ஒவ்வொன்று வரும்போதும் சனங்கள் கொடியேற்றி, கேக் வெட்டி, நாலு தரம் ஹுர்ரே சொன்னார்கள். குன்வோரும் போய் அவர்களோடு நின்று கைதட்டுவாள். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் இருப்பாள். இந்த நாட்டில் ஒருவர் வீட்டுக்குள் சப்பாத்தோடு இருந்தால் மனம் உடைந்துவிட்டது என்று அர்த்தம். ஊருக்கு அது மரம். அவளுக்கு அது, உன் பாட்டைக் கடைசி மனிதனும் விட்டுவிட்டான் என்று வந்த தந்தி. இதை ஊரில் ஒரு மடையனும் யோசிக்கவில்லை.

கடைசியில் ஒன்றே ஒன்றுதான் வராமல் இருந்தது. படிக்கட்டு.

குன்வோர் காலையில் எழும்பி, கோப்பிக் கோப்பையோடு யன்னலுக்குப் போய், திரையை விலக்கிப் பாறையைப் பார்ப்பாள். பாறை மொட்டையாக இருக்கும். அதைக் கண்டால்தான் அவளுக்குப் பாண் இறங்கும். "இண்டைக்கும் ஆரோ பாடியிருக்கினம்" என்பாள். "ஒரு லொறிக்காரனாய் இருக்கும். இல்லாட்டி ஒரு தாதி, இரவு வேலை முடிஞ்சு போகேக்கை." ஒவ்வொரு நாளும் புதிதாக ஒருவரைக் கண்டுபிடிப்பாள். வேறு ஒன்றும் இல்லை அவளிடம், பிள்ளையும் இல்லை, புதுப் பாட்டும் இல்லை. அந்த இல்லாத படிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். நான் மேசையடியில் இருந்து என் முழங்காலைத் தடவிக்கொண்டு, ஓம் ஓம் என்பேன். எனக்கு அந்த லொறிக்காரனைக் கண்டால் அடிக்க வேண்டும்போல இருக்கும். என் முழங்கால் இரண்டும் போனது அவனால்தான். இந்த ஊரில் நான் எத்தனை குளிர்காலம் ஐஸில் வழுக்கி மலையைச் சுற்றியிருக்கிறேன், எத்தனை தரம் பால் போத்தலோடு விழுந்திருக்கிறேன், ஒரு பாட்டுக்காக ஒரு மனிதன் எவ்வளவுதான் நடக்கிறது? வானொலியில் அவள் பாட்டு வந்தால் நான் நிறுத்திவிடுவேன். அது அவளுக்கும் தெரியும்.

இந்த வருஷம் வசந்தம் பிந்தி வந்தது. ஒரு காலை, அவள் எழும்புவதற்கு முன் பாண் வாங்க வெளிக்கிட்டேன். வாசலைத் தாண்டி, வழக்கம்போலத் திட்டிக்கொண்டு, மரஆலைப் பக்கம் திரும்புகிற இடத்தில் என் கால் பலகையில் இடித்தது. நிமிர்ந்து பார்த்தேன். படிக்கட்டு நின்றது.

நன்றாகத் தேய்ந்து போயிருந்தது, எங்கள் ஊர்க்காரர் எல்லோரும் சேர்ந்து ஏறியிருந்தாலும் இவ்வளவு தேய்ந்திராது. கைப்பிடி வழுவழுவென்று இருந்தது. நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? யோசித்தேனா? இல்லை, ஏறினேன். ஒவ்வொரு படியும் முழங்காலுக்கு மருந்து போட்ட மாதிரி இருந்தது. நடு வாங்கில் சும்மா ஒரு தரம் இருந்து பார்த்தேன், கடல் தெரிந்தது, எங்கள் வீட்டுக் கூரை தெரிந்தது. மேலே ஏறி முடிய மாய்பிரிட்டின் கடைதான். சுடச்சுடப் பாணை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்று சிரித்தேன். இத்தனை வருஷத்தில் இந்த ஊரில் நான் தனியாக நின்று சிரித்தது அன்றைக்குத்தான்.

அப்போதுதான் பெர்டில் வந்தார், கையில் கொடி. பின்னால் குழு முழுக்க. ஒருவர் கேக்குக்குச் சொல்லிவிட்டிருக்கிறாராம்.

"தில்! வந்திட்டுது பாத்தியே? கடைசிச் சாமானும் வந்திட்டுது! உன்ர மனிசியையும் கூப்பிடு, எல்லாருமாய் ஹுர்ரே சொல்லுவம்."

கீழே எங்கள் யன்னலில் திரை இன்னும் மூடித்தான் இருந்தது. அவள் எழும்பி, கோப்பி ஊற்றி, திரையை விலக்கினால் முடிந்தது. லொறிக்காரனும் இல்லை, தாதியும் இல்லை, உலகத்தில் ஒரு வாயும் மிச்சமில்லை.

"கொடியை மடி, பெர்டில்" என்றேன். "மடியப்பா முதல்! அவ பாக்க முதல் இது இஞ்சை இருந்து போகவேணும். எல்லாரும் பாடுங்கோ."

"என்னத்தை?"

"அந்தப் பாட்டை! படிக்கட்டுப் பாட்டை!"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பெர்டில் சப்பாத்து நுனியைப் பார்த்தார். "தில், எங்களுக்கு அது ஞாபகமில்லை. அதைத்தான் முதல் முதல் மறந்தனாங்கள். நாங்கள் கூட்டம் கூடி மறந்த ஒரேயொரு பாட்டும் அதுதான். அப்ப கேக் வெட்டினது உனக்கு நினைவில்லையே?"

அந்த இடத்திலேயே அவரைத் தள்ளிவிட்டிருப்பேன். இத்தனை கால வியாழக்கிழமைகளில் உருப்படியாக ஒரு காரியம் செய்திருக்கிறார்கள், அதுவும் இதுவா!

ஆக நான்தான் பாட வேண்டியிருந்தது. எனக்கும் சங்கீதத்துக்கும் உள்ள சம்பந்தம், கரவெட்டியில் பஜனைக்குப் பின்வரிசையில் நின்று சுண்டலுக்காக வாயசைத்தது மட்டும்தான். அந்தப் பாட்டை நான் ஒருநாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை. ஆனால் வாயைத் திறந்தேன், அது வந்தது. அவள் கோப்பை கழுவும்போது பாடியது, உருளைக்கிழங்கு உரிக்கும்போது பாடியது, டாக்டருக்குத் தொலைபேசி எடுத்துக் காத்துக்கொண்டு நிற்கும்போது பாடியது, எல்லாம் எனக்குத் தெரியாமலே உள்ளே போய் இருந்திருக்கிறது. பெரிய விஷயமும் இல்லை அந்தப் பாட்டில். ஒடுங்கின படியில் ஒருவன் ஏறுகிறான், ஒருத்தி இறங்குகிறாள், யார் யாருக்கு வழி விடுவது என்று நின்று நின்று பொழுது போய்விடுகிறது. அவ்வளவுதான்.

பாடினேன். மாய்பிரிட் சேர்ந்தாள், குழு சேர்ந்தது, தேவாலயத்தில் பாடுவதுபோல உதட்டைத் திறக்காமல். படிக்கட்டு அசையவில்லை. சத்தமாகப் பாடினோம், அசையவில்லை. பெர்டில் பாடிக்கொண்டே நாலு படி இறங்கி, அது கொஞ்சமாவது ஆடுகிறதா என்று உதைத்துப் பார்த்தார். கீழே எங்கள் வீட்டுக் குசினியில் வெளிச்சம் வந்தது.

"வேணுமெண்டு பாடினாப் போகாது, தில்" என்றாள் மாய்பிரிட், கண் கலங்கி. "பிடிச்சுப் பாடவேணும்."

பிடித்து! என் முழங்காலைக் கேளுங்கள் இந்தப் பாட்டை எனக்குப் பிடிக்குமா என்று. ஆனால் அந்தப் படிகளில் நான் வாழ்க்கையில் ஒரேயொரு தடவை ஏறியிருக்கிறேன், அது சற்று முன்னர்தான், அந்த வாங்கிலிருந்து எங்கள் கூரையைப் பார்த்ததும் அப்போதுதான். இனி ஏற மாட்டேன் என்று நினைத்தேன். அந்தக் கூரையைப் பார்த்துக்கொண்டே, சுருதியும் இல்லாமல் தாளமும் இல்லாமல், ஏறுகிறவன் இறங்குகிறவளுக்கு வழி விடுகிற அந்த அடியைத் திரும்பவும் பாடினேன்.

படிக்கட்டு போய்விட்டது. பெர்டில் கொடியோடு கொஞ்சநேரம் அந்தரத்தில் தொங்கி, பிறகு பாறைச் சரிவில் வளர்ந்திருந்த புதர்ப் பற்றைக்குள் போய் விழுந்தார். ஒன்றும் ஆகவில்லை. "பரவாயில்லை, பரவாயில்லை, பாடுங்கோ" என்று பற்றைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

நான் பாணோடு மேலே நின்றேன், வீடு கீழே இருந்தது. வேறு என்ன, நடந்தேன். சேமக்காலையைத் தாண்டி, மரஆலையைத் தாண்டி, அந்த லொறிக்காரனைத் திட்டிக்கொண்டு நடந்தேன். பாதி வழியில்தான், நான் திட்டிக்கொண்டிருப்பது என்னைத்தான் என்று உறைத்தது. இனி நாளைக்கும் பாட வேண்டும், மறுநாளும் பாட வேண்டும். ஒருநாள் விட்டால் அந்தச் சனியன் வந்து நிற்கும். நான் சாகும்வரைக்கும் இந்தப் பாட்டிலிருந்து எனக்கு விடுதலை இல்லை.

வீட்டுக்கு வந்தபோது பாண் ஆறிவிட்டது. குன்வோர் யன்னலடியில் கோப்பையோடு நின்றாள். யன்னல் திறந்திருந்தது, வசந்தகாலமல்லவா, எழும்பியதும் திறந்துவிட்டிருக்கிறாள். காற்று பாறைப் பக்கத்திலிருந்துதான் வீசியது. பாறை மொட்டையாக இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள், நெடுநேரம் பார்த்தாள், என் பிழைபட்ட பெயரை முதல்முதல் சொன்ன அன்றைக்குப் பார்த்த மாதிரி. லொறிக்காரனைப் பற்றியோ தாதியைப் பற்றியோ அவள் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் பாணை மேசையில் வைத்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

"இஞ்சாருங்கோ" என்றாள். "ரெண்டாம் சரணத்தை விட்டிட்டீங்கள்."